கொசுவுக்குள் 14 நாள்

என் நாய் மணியின் முன்னங்காலிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மேலே மெல்லிய சில்லு ஒன்றை மூடி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார் டாக்டர். கொஞ்ச நேரம் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தவர், "வாங்க, நீங்களே பாருங்க" என்று எழுந்து இடம் விட்டார்.

முதலில் சிவப்பணுக்கள் மட்டும்தான் தெரிந்தன. நெருக்கியடித்துக்கொண்டு, அசையாமல் கிடந்தன. அப்புறம் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் தள்ளுமுள்ளு. அணுக்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடிபட்டு விலகின. எது அவற்றைத் தள்ளுகிறது என்று உற்றுப் பார்த்தபோதுதான் அந்த நூல் கண்ணில் பட்டது. நிறமே இல்லாத, கண்ணாடி இழை போன்ற ஒரு நூல். வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. ஆனால் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"நின்ன இடத்துலயே துள்ளுது பாருங்க. நேரா நீந்திப் போயிருந்தா நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்" என்றார் டாக்டர்.

நாயின் ரத்தத்தில் இப்படித் துள்ளுகிற குஞ்சுப் புழுக்கள் ஒரே வகை அல்ல. அகாந்தோகைலோனீமா ரெகான்டிட்டம் என்று ஒன்று உண்டு. தெள்ளுப்பூச்சி வழியாக வரும், தோலுக்கடியில் வாழும், பெரும்பாலும் நாய்க்கு ஒரு கெடுதலும் செய்யாது. அதன் குஞ்சு தகட்டின் குறுக்கே விறுவிறுவென்று நகர்ந்து போகும். டைரோஃபைலேரியா இமிட்டிஸ் என்கிற இதயப்புழுவின் குஞ்சோ இருந்த இடத்திலேயே நெளியும். இதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதால், டாக்டர் 1 மில்லி ரத்தத்தை 2 சதவீத ஃபார்மலின் 9 மில்லியில் கலந்து, சுழற்றி, அடியில் தங்கியதை நீலச் சாயம் ஏற்றி மறுபடியும் பார்த்தார். தலை கூம்பியிருந்தது, வால் நேராக இருந்தது. ரெகான்டிட்டமாக இருந்தால் தலை மழுங்கலாக இருந்திருக்கும், நீளமும் குறைவாக இருந்திருக்கும். கூடவே, புழு விடுகிற பொருளை ரத்தத்தில் தேடுகிற ஆன்டிஜென் பரிசோதனையும் இதயப்புழு என்றே சொன்னது.

நான் உடனே கேட்டது இதுதான்: "இதெல்லாம் வளர்ந்து பெருசாகி இதயத்தை அடைச்சிடுமா டாக்டர்?"

"இல்ல. இதுல ஒண்ணுகூட மணிக்குள்ள வளராது. வளரணும்னா கொசுவுக்குள்ள போய்த்தான் ஆகணும்."

எனக்கு அது புரியவேயில்லை. ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, சோறு தண்ணீர் எல்லாம் மணியின் உடம்பிலேயே கிடைக்கிறதே, அங்கேயே வளர்ந்துவிட்டால் என்ன? அன்றிரவு தொடங்கிய படிப்பு இன்னும் முடியவில்லை. மணியின் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தேன். போகப் போக என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் புழுவின் குழந்தைப் பருவம்.

அது தாய்ப்புழுவின் கருப்பையிலேயே தொடங்குகிறது. வளர்ந்த பெண்புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது, வால் நுனி சுருண்டிருக்கும். இரண்டும் நுரையீரலுக்குப் போகிற தமனிகளில் வாழ்கின்றன. எண்ணிக்கை கூடினால் இதயத்தின் வலப்பக்க அறைக்குள்ளும் வந்துவிடும். பெண்ணின் உடம்பில் பெரும்பகுதியை இரண்டு நீண்ட கருப்பைக் குழல்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழல் நெடுக ஒரு வரிசை உண்டு. உள்கோடியில் ஒற்றை உயிரணுவான முட்டைகள், அப்புறம் பிரிந்து பிரிந்து பந்து போலத் திரண்ட கருக்கள், அடுத்து ஒரு முனை நீண்டு வால் எட்டிப் பார்க்கிற கருக்கள், அதற்கடுத்து மடித்துச் சுருட்டிய கயிறு போலக் கிடப்பவை, வாசலுக்கு அருகில் நீட்டி நிமிர்ந்து வெளியேறக் காத்திருப்பவை. ஒரு பெண்புழுவின் கருப்பையை நெடுகப் பார்த்தால் ஒரு கருவின் முழு வரலாறும் அங்கே வரிசையாகக் கிடக்கும்.

முட்டையாக வெளியே வருவதில்லை. உயிருள்ள குஞ்சாகவே நேராக ரத்தத்தில் விழுகிறது. அதற்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். நீளம் சுமார் 300 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அகலம் 6 அல்லது 7 மைக்ரான். நாயின் சிவப்பணு ஒன்றின் குறுக்களவும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால்தான் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் அது நுழைந்து போகிறது, கொசு எங்கே குத்தினாலும் கிடைக்கிறது.

வடிவம் புழுவாக இருந்தாலும் அது இன்னும் முழுமையான புழு அல்ல. உடம்பு முழுக்க உயிரணுக்களின் உட்கருக்கள் நெருக்கமாக நிற்கின்றன. வேலை செய்கிற வாயும் குடலும் இன்னும் உருவாகவில்லை. அந்த நிலையிலேயே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. நாயின் ரத்தத்தில் இரண்டு வருடம் வரைகூட அப்படியே காத்திருக்கும். கொசு வராவிட்டால் காத்திருந்தே சாகும். தாய் நாயின் ரத்தத்திலிருந்து கருவிலிருக்கும் குட்டிக்கு இந்தக் குஞ்சுகள் போவதுண்டு. ரத்தம் ஏற்றும்போது இன்னொரு நாய்க்குப் போவதும் உண்டு. அப்படிப் போனவையும் அங்கே பெரிய புழுவாக வளர்வதில்லை. டாக்டர் சொன்னதன் பொருள் இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

சரி, கொசுவுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

பெண் கொசு ஒரு முறை குடிக்கிற ரத்தம் இரண்டு மூன்று மைக்ரோலிட்டர். ஒரு மில்லி ரத்தத்தில் 10,000 குஞ்சுகள் இருக்கிற நாயைக் கடித்தால் இருபது முப்பது குஞ்சுகள் வயிற்றுக்குள் போகும். போனதும் முதல் கண்டம் காத்திருக்கிறது. சில கொசு இனங்களின் தொண்டையில் பல் போன்ற முட்கள் இருக்கின்றன, உள்ளே போகிற குஞ்சுகளை அவை கிழித்துவிடும். சில இனங்களின் வயிற்றில் ரத்தம் சீக்கிரம் உறைந்து, குஞ்சுகள் அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரே இனத்துக்குள்கூட வேறுபாடு உண்டு. ஏடிஸ் ஈஜிப்டி கொசுவில் சில வம்சங்கள் இந்தப் புழுவை வளர விடுகின்றன, சில வளர விடுவதில்லை. அதை ஒரு மரபணு பெரிதும் தீர்மானிக்கிறது என்று 1970-களிலேயே காட்டிவிட்டார்கள்.

தப்பித்த குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் வயிற்றிலிருந்து மால்பிஜியன் குழல்களுக்குப் போய்ச் சேருகின்றன. கொசுவுக்குச் சிறுநீரகம் போல வேலை செய்பவை இவை. மொத்தம் ஐந்து. ரத்தம் குடித்ததும் அதிலுள்ள உபரித் தண்ணீரையும் உப்பையும் பிரித்து வெளியேற்றுவது இந்த ஐந்து குழல்களின் வேலை. புழு அந்தக் குழலின் பொந்துக்குள் போய் உட்காரும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இல்லை, குழலின் சுவராக இருக்கிற உயிரணுவுக்குள்ளேயே நுழைகிறது. ஓர் உயிரணுவுக்குள் ஒரு புழு!

மனிதர்களுக்கு யானைக்கால் நோய் தருகிற புழுவும் இதற்குச் சொந்தக்காரன்தான், அதுவும் கொசுவில்தான் வளர்கிறது. ஆனால் அது போய் உட்காருவது கொசு இறக்கையை அசைக்கிற மார்புத் தசைகளில். தெள்ளுப்பூச்சியில் வளர்கிற ரெகான்டிட்டம் அதன் கொழுப்புத் திசுவைத் தேடிப் போகிறது. மூன்றும் ஒரே குடும்பம், குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கிற அறை மட்டும் வெவ்வேறு. ஏன் இப்படிப் பிரிந்தன என்று யோசித்துக்கொண்டே சில இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன்.

அணுவுக்குள் போனதும் குஞ்சின் துள்ளல் அடங்குகிறது. நூல் போல இருந்தது நீளம் குறைந்து பருக்கத் தொடங்குகிறது. நாலைந்து நாளில் குட்டையான, தடித்த உருவம். ஆய்வாளர்கள் இதை சாசேஜ் நிலை என்றே அழைக்கிறார்கள். பார்ப்பதற்குப் பின்னோக்கிப் போனது போல இருக்கும், ஆனால் உண்மையான கட்டுமானம் இப்போதுதான் நடக்கிறது. குஞ்சாக இருந்தபோது வெறும் புள்ளிகளாக நின்ற அணுக்கள் பெருகிக் குடலாகின்றன, தசையாகின்றன. அப்புறம் அணுவை விட்டுக் குழலின் உட்பொந்துக்கு வருகிறது. எட்டு முதல் பத்து நாளுக்குள் முதல் சட்டையை உரிக்கிறது. மேலும் இரண்டு மூன்று நாளில் இரண்டாவது சட்டை. இப்போது அது மூன்றாம் நிலை இளம்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம், மெலிந்த உடம்பு, பழைய சுறுசுறுப்பு. இந்த நிலைக்கு வந்த புழுதான் இன்னொரு நாயைத் தொற்ற முடியும்.

குழலை உடைத்துக்கொண்டு கொசுவின் உடற்குழிக்குள் வருகிறது. அங்கிருந்து மார்பு, தலை, கடைசியில் உறிஞ்சுகுழலைச் சுற்றியிருக்கிற உறைக்குள் போய்க் காத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து நல்ல வெப்பத்தில் சுமார் 14 நாள்.

இந்தப் புழு கொசுவுக்கும் பாரம்தான். குழலின் அணுக்கள் சிதைகின்றன. ஒரே நேரத்தில் நிறையப் புழுக்கள் ஏறினால் கொசு செத்துவிடும், அதனுடன் புழுக்களும் சாகும். ஆகவே ரத்தத்தில் மிக அதிகமான குஞ்சுகள் இருக்கிற நாயைவிட, நடுத்தரமாக இருக்கிற நாய் சில வேளைகளில் நோயை நன்றாகப் பரப்பலாம். பார்க்க ஆரோக்கியமாக ஓடியாடுகிற நாய்.

14 நாள் என்றேனே, அது வெப்பத்தைப் பொறுத்தது. 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொசுவுக்குள் புழுவின் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரியும் ஒரு நாளைக்கு ஓர் அலகு என்று கணக்கு வைக்கிறார்கள். மொத்தம் 130 அலகு சேர்ந்தால் புழு தயார். சராசரி 27 டிகிரி என்றால் நாளுக்கு 13 அலகு, பத்தே நாளில் முடிந்துவிடும். 24 டிகிரி என்றால் 13 நாள். 18 டிகிரி என்றால் 32 நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் கொசுவே உயிரோடு இருக்காது. பெண் கொசுவின் ஆயுளைத் தாராளமாக 30 நாள் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். நிஜத்தில் பெரும்பாலான கொசுக்கள் அதற்கு வெகு முன்பே செத்துப்போகும். புழு வளர்ந்து முடிப்பதற்கும் கொசு சாவதற்கும் இடையில் கிடைக்கிற சில நாட்கள்தான் இந்த நோயின் மொத்தப் பிழைப்பும்.

கடிக்கிற நொடியையும் நான் தவறாகத்தான் நினைத்திருந்தேன். டாக்டர் ஊசி போடுவது போல, கொசு புழுவை உள்ளே செலுத்திவிடும் என்று. அப்படி இல்லை. கொசு குத்தும்போது உறிஞ்சுகுழலின் வெளியுறை மடங்கித் தோலின் மேலேயே நிற்கும், உள்ளே போவதில்லை. உறை வளையும்போது அதன் நுனியைக் கிழித்துக்கொண்டு இளம்புழு வெளியே வருகிறது. கூடவே கொசுவின் உடல்நீர் ஒரு துளி. அந்தத் துளிதான் காய்ந்து போகாமல் அதைக் காப்பாற்றுகிறது. கொசு குழலை உருவிக்கொண்டு பறந்த பிறகு, அது போட்ட துளையைத் தேடி ஊர்ந்து புழு தானாகவே உள்ளே நுழைகிறது. துளி காய்வதற்குள் வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நிறைய நாள் ஆனது. நாயின் இதயத்திலிருந்த இந்தப் புழுவை 1856-இல் விவரித்துப் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஜோசஃப் லைடி. இமிட்டிஸ் என்றால் லத்தீனில் இரக்கமற்றது. 1877-இல் சீனத்தின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன், மனிதரைத் தொற்றுகிற யானைக்கால் புழுவான ஃபைலேரியா கொசுவுக்குள் வளர்வதைப் பார்த்துவிட்டார். ஒரு நோய்க் கிருமி பூச்சிக்குள் வளர்கிறது என்று அதுவரை யாரும் அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஆனால் கொசு மறுபடியும் கடிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முட்டையிட்டுவிட்டுத் தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குப் புழு போகும் என்று நினைத்தார். கடிதான் வழி என்று நிலைபெற 1900 வரை ஆயிற்று. இத்தாலியில் கிராஸியும் நோயேவும் அந்த வருடம் காட்டியது நாயின் இந்த இதயப்புழுவை வைத்துத்தான். மனித நோய் ஒன்றின் பாதையைத் தெளிவாக்குவதில் நாய்களின் ரத்தத்துக்கு இவ்வளவு பங்கு உண்டு என்பதை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

நாய்க்குள் நுழைந்தபின் புழு அவசரப்படுவதில்லை. தோலுக்கடியிலேயே தங்கி, சில நாட்களில் மூன்றாவது சட்டையை உரித்து நான்காம் நிலைக்கு வருகிறது. திசுக்களின் வழியாகவும் தசைகளின் வழியாகவும் மெல்ல நகர்கிறது. 50-ஆம் நாளுக்கும் 70-ஆம் நாளுக்கும் இடையில் கடைசிச் சட்டை. அதன்பின் ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, நுரையீரல் தமனிகளுக்கு வந்து சேரும்போது இரண்டரை மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். அங்கேதான் 25, 30 சென்டிமீட்டராக வளர்கிறது. கடி விழுந்த நாளிலிருந்து ரத்தத்தில் புதிய குஞ்சுகள் தென்பட ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும்.

இங்கேதான் என் தவறு வருகிறது. இதயப்புழு வராமலிருக்க மணிக்கு மாதம் ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். கொசு குறைந்த மாதங்களில் எதற்கு என்று நிறுத்தினேன். கொசு திரும்பி வந்தபோது அடுத்த மாதம் தொடங்கலாம், அதற்கடுத்த மாதம் தொடங்கலாம் என்று தள்ளித் தள்ளி ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிட்டது. நடைக்குப் போனால் பாதியில் உட்கார்ந்துகொள்வான், ராத்திரியில் வறட்டு இருமல் இருமுவான். வயதாகிறது என்று நினைத்தேன். மணிக்கு அப்போது ஐந்து வயதுதான்.

மாத்திரையை நான் ஒரு வேலி மாதிரி கற்பனை செய்திருந்தேன். கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குப் புழு உள்ளே வராது என்று. அந்த மாத்திரையில் இருக்கிற ஐவர்மெக்டின் அப்படி வேலை செய்வதில்லை. அது போன மாதத்தைத் துடைக்கிறது. கடந்த 30 நாளில் கொசு விட்டுப்போன மூன்றாம், நான்காம் நிலை இளம்புழுக்கள் தோலுக்கடியில் இருக்கும்போதே அவற்றைக் கொல்கிறது. அளவு மிகமிகக் குறைவு, ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். இரண்டு மாதம் தாண்டி வளர்ந்துவிட்ட புழுவிடம் அந்த அளவு மருந்து சரியாகச் செல்லாது. அப்படியென்றால் கொசு அடங்கிய பிறகும் கடைசியாக ஒரு மாத்திரை கட்டாயம் வேண்டும். நான் சரியாக அந்த மாத்திரையில்தான் கையை நிறுத்தியிருக்கிறேன்.

ஐவர்மெக்டினின் மூலப்பொருளைத் தந்த நுண்ணுயிரி ஜப்பானில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக சதோஷி ஒமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் கிடைத்தது. நாய்களின் இதயப்புழுத் தடுப்புக்கு 1987 முதலே அது புழக்கத்தில் இருக்கிறது. இவ்வளவு எளிய ஒரு பொருள் கையில் இருந்தும் தவறவிட்டதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மணிக்குச் சிகிச்சை தொடங்கியபோது முதலில் எழுதப்பட்டது டாக்சிசைக்கிளின். 28 நாள், தினம் இரண்டு வேளை. புழுவுக்கு எதற்கு பாக்டீரியா மருந்து என்று கேட்டேன். இந்தப் புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறதாம். தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அது இல்லாமல் கருக்கள் ஒழுங்காக உருவாவதில்லை. தாய்ப்புழுவின் குழலில் வரிசையாக நிற்கிறது என்று மேலே சொன்னேனே, அந்த வரிசையே குலைந்துபோகும். என்னை அசத்தியது இன்னொன்று. இந்த மருந்து சாப்பிட்ட நாயின் ரத்தத்திலிருந்து கொசுவுக்குப் போன குஞ்சுகள் மூன்றாம் நிலை வரை வளர்ந்துவிடுகின்றன, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அடுத்த நாய்க்குள் போனால் பெரிய புழுவாக ஆவதில்லை. அதாவது, மணியின் மேல் அதற்கப்புறம் உட்கார்ந்த கொசுக்களால் வேறு நாய்க்கு ஆபத்து மிகமிகக் குறைவு.

சிகிச்சையின் 60-ஆம் நாள், வளர்ந்த புழுக்களைக் கொல்கிற மெலார்சொமின் ஊசி ஒன்று, 90-ஆம் நாளும் 91-ஆம் நாளும் ஒவ்வொன்று. இடுப்புத் தசையில் ஆழமாகப் போடுகிற ஊசி. அன்று அவன் என் கையை நக்கிக்கொண்டே நடுங்கினான். வளர்ந்த புழுக்கள் சாகும்போது துண்டு துண்டாக நுரையீரலின் சிறு குழாய்களில் போய் அடைக்கும். நாய் ஓடினால், குதித்தால், அந்த அடைப்பே உயிரைக் குடித்துவிடலாம். அதனால் ஓட்டம் இல்லை, படி ஏறுவது இல்லை, வாசலுக்குப் போனாலும் கையில் கயிறு. இதை எழுதும் இந்த நேரத்திலும் அவன் காலடியில் கட்டுக்குள்தான் படுத்திருக்கிறான். இருமல் குறைந்திருக்கிறது.

நான் இப்போது யோசிப்பதெல்லாம் டாக்சிசைக்கிளினுக்கு முந்தைய மாதங்களைப் பற்றி. மணியின் ரத்தத்தில் குஞ்சுகள் எப்போது தோன்றின என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவன் வாசலில் படுத்திருக்கும்போது எத்தனை கொசு குடித்துவிட்டுப் போயிருக்கும்? சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரைதான் இந்தக் குஞ்சுகள் தோலுக்கருகே ஓடுகிற ரத்தத்தில் அதிகம் தென்படும். அடுத்த வீட்டு நாயும் அவனும் மதில் ஓரத்தில் ஒன்றாகவே படுத்துக் கிடப்பார்கள். அது இரண்டு வயதுப் பெண் நாய். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்ததில்லை என்று அந்த வீட்டு அக்கா சொன்னார். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

ரத்தத்தில் குஞ்சு இல்லை, ஆன்டிஜெனும் இல்லை. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். "இன்னிக்கு இல்லன்னா போன ஆறு மாசத்துல ஏறலைன்னு அர்த்தம் இல்லம்மா. அந்தப் பரிசோதனை காட்டுறது வளர்ந்த பெண்புழுவை" என்றார் டாக்டர். அன்றே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். நாலு மாதம் முடிந்துவிட்டது.